பல்லிருந்த திமிங்கிலங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நீலத் திமிங்கிலத்தின் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. மேல்தாடையிலிருந்து வரிசையாகத் தொங்குகிற பலீன் தகடுகள்தான் உண்டு. வாய்கொள்ளக் கடல்நீரை அள்ளி, தகடுகளின் வழியே வெளியே தள்ளினால், கூனி இறால் மாதிரியான கிரில் உள்ளே தங்கிவிடும். தகடு கெரட்டினால் ஆனது. நம் நகமும் அதே சரக்குதான். எலும்பைப் போல அது எளிதில் புதைபடிவமாகாது. அதனால் பலீன் எப்போது வந்தது என்று தேடுகிறவர்களுக்குத் தலைவலி. மிஞ்சுவது எலும்பும் பல்லும்தான்.

பல்லா என்கிறீர்களா? ஆமாம், பல்தான். தாயின் வயிற்றில் இருக்கும்போது பலீன் திமிங்கிலத்துக்கும் பல் முளை உண்டு. பிறக்கும் முன்பே அது கரைந்துபோகும். அப்படியானால் முன்னோர்களுக்குப் பல் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஜான் ஜக் என்றொரு கடற்கரை. அலைச்சறுக்குக்குப் பேர்போன இடம். 1990களின் பிற்பகுதியில் சறுக்க வந்த ஒரு பதின்வயதுப் பையன் அங்கே ஒரு பாறையில் எலும்பு துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தான். வேறு யாராவது என்றால் மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள். 2006இல் எரிக் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற புதைபடிவ ஆய்வாளர் அதை ஆராய்ந்து ஜான்ஜுசீட்டஸ் என்று பெயர் வைத்தார். வயது சுமார் 2.5 கோடி ஆண்டு. குட்டையான முகவாய், பெரிய கண்குழி, வாய் நிறையக் கூரிய பற்கள். உடல் மூன்றரை மீட்டர்தான் இருக்கும். ஆனால் மண்டையோட்டு எலும்புகள் அமைந்த விதம் பலீன் திமிங்கிலக் குடும்பத்தையே காட்டியது. கடித்துத் தின்ற உறவுக்காரர்!

இந்த ஆதித் திமிங்கிலங்கள் பல்லிடுக்கிலேயே நீரை வடிகட்டியிருக்கும், பிறகு அந்த வேலையைப் பலீன் எடுத்துக்கொண்டது என்று ஒரு கருத்து உண்டு. கேட்க அழகாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2017இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் ஜான்ஜுசீட்டஸ் போன்றவற்றின் பற்களை முப்பரிமாணத்தில் அளந்து பார்த்தார்கள். பல்லால் கிரிலை வடிகட்டுகிற சீல் என்னும் கடல் விலங்குகளுக்குப் பல் விளிம்பு மழுங்கல். இவற்றுக்கோ சிங்கத்தின் பல் அளவுக்குக் கூர்மை. வடிகட்டுகிற வாய்க்கு எதற்கு அத்தனை கூர்மை?

அப்புறம்... சரி, நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிடைத்த மையாபலீனா என்ற ஆதித் திமிங்கிலம் 3.3 கோடி ஆண்டுப் பழையது. 2018இல் அதை விவரித்தவர்கள், பல்லும் இல்லை, பலீனுக்கு அடையாளமும் இல்லை, இரையை உறிஞ்சித் தின்றிருக்கும் என்கிறார்கள். அதே ஓரிகனின் அயிட்டியோசீட்டஸுக்குப் பல்லும் உண்டு, அண்ணத்தில் துளைகளும் உண்டு. அந்தத் துளைகள் பலீனுக்கு ரத்தம் கொண்டுபோனவைதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வணக்கம்.