ஆசிரியர்தான் எழுத வேண்டும்

நடுவர் அவர்களே, கடலூர்ப் பெருமக்களே, வணக்கம். வெளிநாட்டுக் கல்லூரிக்கான பரிந்துரைக் கடிதத்தை மாணவரே எழுதிக் கையெழுத்து வாங்கலாமா, ஆசிரியர்தான் எழுத வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "ஆசிரியருக்கு நேரம் ஏது? பிள்ளையே எழுதித் தந்தால் உதவிதானே" என்றார். நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உதவி பிள்ளைக்கே வினையாகிறது, அம்மா.

நமக்கு இந்தக் கடிதம் புதுசு. இங்கே பொறியியல் சேரக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200க்குக் கட் ஆஃப் போட்டால் முடிந்தது. ஆசிரியரை யாரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் மதிப்பெண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளை வகுப்பில் எப்படி?" என்று கேட்கின்றன.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் நம் தெருக்களுக்குள் புகுந்தது. நோட்டெல்லாம் நனைந்துபோன தோழிக்கு ராத்திரி உட்கார்ந்து பாடம் எழுதிக் கொடுத்த பெண் இந்த ஊரில் இருந்திருப்பாள். அவள் தன்னைப் பற்றித் தானே எழுதினால் அதை எழுதுவாளா? அது ஒரு பெரிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றாது. "கடின உழைப்பாளி, நேரம் தவறாதவள்" என்று இணையத்தில் கிடைத்த வரிகளை வைப்பாள். பக்கத்து பெஞ்சுக்காரனும் அதையே வைப்பான். இரண்டு கடிதமும் ஒரே மேசைக்குப் போய்ச் சேரும்போது எதை நம்புவார்கள்?

"ஆசிரியருக்கு ஆங்கிலம் தடுமாறுமே" என்றும் சொன்னார்கள். தமிழில் எழுதட்டும். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்துத் தரட்டும். அவர் கண்ணால் பார்த்தது அதில் இருந்தால் போதும்.

கேட்கிற பிள்ளைக்கும் பொறுப்பு உண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சேர்க்கைக்குப் பல அமெரிக்கக் கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். அக்டோபர் 30 ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்டால் எந்த ஆசிரியரும் என்ன செய்வார்? ஆகஸ்டிலேயே நேரில் போய், "சார், என்னைப் பற்றி நல்லபடியாக எழுத உங்களால் முடியுமா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வருத்தப்படாமல் உங்களை நன்றாகத் தெரிந்த இன்னொருவரிடம் போங்கள். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, கடைசி நாள், அவர் வகுப்பில் நீங்கள் செய்த ப்ராஜெக்ட், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குறிப்பு தருவது உங்கள் வேலை. கடிதம் அவருடையது.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வி. பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாகப் போகும் காமன் ஆப்பில், ஆசிரியருக்குத் தனி இணைப்பு மின்னஞ்சலில் வருகிறது. கடிதத்தோடு ஒரு படிவமும் உண்டு. மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எந்த இடம் என்று அதில் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் யார் டிக் அடிப்பது? பிள்ளையா? பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.