சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

வணக்கம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் காலையில் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் ஒரே ஒரு கைபேசி, அதைச் சுற்றி எட்டுத் தலை. வாசலில் நிற்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை பர்சென்ட் சார்?”

நானும் பல வருடம் தலைமையாசிரியராக அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன். நூறு என்று சொன்ன வருடங்களும் உண்டு. அதில் ஒரு வருடம் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம், பாராட்டெல்லாம் முடிந்த பிறகு, வேறு எதற்கோ சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். காலிக்கோ அட்டை போட்ட நீளமான நோட்டு. அதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பக்கம். வரிசையாகப் பெயர்கள். கடைசிக் கட்டத்தில் ‘நீங்கிய காரணம்’. ஒன்பதாம் வகுப்போடு நின்ற ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘குடும்பச் சூழல்’, ‘குடும்பச் சூழல்’. எல்லாம் ஒரே கையெழுத்து. கையெழுத்து என்னுடையது.

கணக்கு எளிது. நாற்பது பேர் ஆறாவதில் சேர்கிறார்கள். முப்பது பேர் பத்தாவது எழுதுகிறார்கள். முப்பதும் பாஸ் என்றால் பேப்பரில் நூறு, பதிவேட்டில் எழுபத்தைந்து. எட்டு வரை யாரையும் நிறுத்தி வைக்காமல் வந்துவிட்டு, ஒன்பதாவதில் “இவன் பத்தாவது தாண்டமாட்டான், டி.சி. வாங்கிக்கச் சொல்லுங்க” என்று பேசுவதைக் கேட்காத ஆசிரியர் குறைவு. 2020-லும் 2021-லும் கொரோனாவால் பரீட்சையே இல்லாமல் எல்லாரும் தேர்ச்சி. அந்த நூறை யாராவது பேனர் அடித்துக் கட்டினோமா? 2017-ல் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், நல்ல காரியம். இந்தப் பர்சென்ட் பைத்தியம் மட்டும் விடவில்லை.

பிள்ளைகளை உள்ளே கொண்டுவரத்தானே இத்தனை பாடுபட்டார்கள். காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே பெஞ்சு, கரும்பலகை, மணி என்று கொடுத்தார்கள். எங்கள் பள்ளியில் அந்த மணி இன்னும் தொங்குகிறது, விளிம்பில் ஒரு சில்லு போய். 1956-ல் மதிய உணவு, 1982-ல் சத்துணவு, அப்புறம் பஸ் பாஸ், சைக்கிள். சோறு போட்டு உள்ளே அழைத்த பிள்ளையைப் பர்சென்டுக்காக வெளியே அனுப்புவதா? திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் ஊர்ப் பள்ளி ரிசல்ட் வந்தால் “எத்தனை பர்சென்ட்” என்று கேட்காதீர்கள். “ஆறாவதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் சார்?” என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலேயே கேட்கலாம்.

1978 பற்றியும் பேச நினைத்தேன். அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பு வரை. பிளஸ் டூ வந்ததும் எங்களைப் போன்ற உயர்நிலைப் பள்ளிகள் பத்தோடு நின்றன. அதற்கு மேல் படிக்க டவுனுக்குத்தான் போக வேண்டும். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும்: டவுன் பஸ் மாலையில் ஊர் வந்து சேரும் நேரத்தைப் பாருங்கள், பத்தாவதோடு எத்தனை பெண் பிள்ளைகள் நின்றார்கள் என்பதற்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது. வணக்கம்.