மேசையைக் கவிழ்க்க முடியாதவன்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

சூதாட்டத்தைக் கதையாக்கும் மாங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், நாயகனை நம் மனத்தில் நிறுத்துவது அவனுடைய மூளையா, உடல் பலவீனமா என்பது இன்றைய தலைப்பு. மூளைதான் என்று எனக்கு முன்னால் பேசியவர் அடித்துச் சொன்னார். நோஞ்சான் உடம்பு வெறும் அலங்காரமாம், புத்தி எடுப்பாகத் தெரிவதற்காக வைத்ததாம்.

சரி, மூளை வில்லனுக்கும் இருக்கிறதே? அவனை ஏன் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதில்லை? தோற்றாலும் அவனைக் காப்பாற்ற அடியாட்கள் நிற்கிறார்கள். நாயகனுக்கு அந்த வழி இல்லை. பலசாலியாக இருந்தால் தோற்கிற நேரத்தில் மேசையைக் கவிழ்த்துவிட்டு நாலு பேரை அடித்துப்போட்டு வெளியே வந்துவிடுவான். அப்படி வர முடியும் என்று தெரிந்த நொடியிலேயே பந்தயம் செத்துவிடும்.

'உசோகுய்' மாங்காத் தொடரின் நாயகன் மதராமே பாகுவைப் பாருங்கள். கொஞ்சம் ஓடினாலே அவனுக்கு மூச்சு வாங்கும். அவன் ஆடுவதோ, தோற்றவனிடம் உயிரையே வசூலிக்கத் தயங்காத காகெரோ என்ற ரகசியச் சூதாட்ட அமைப்பின் மேற்பார்வையில் நடக்கும் ஆட்டங்களை. "அவனுக்காகச் சண்டை போட மார்கோ இருக்கிறானே, கடைசியில் பலம்தானே காப்பாற்றியது?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஆனால் அந்த மார்கோ முதலில் அவனைக் கொல்ல வந்தவன். அப்படிப்பட்டவனை அன்பால் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை பாகுவுக்கு எதனால் வந்தது? தன் கையில் பலம் இல்லாததால்தான்.

அப்புறம், 1996இல் மாங்கா ஓவியர் ஃபுகுமோட்டோ தொடங்கிய 'கைஜி'. முன்பு கூட வேலை பார்த்தவனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவன் கைஜி. கடன் கொடுத்த நிறுவனத்தின் மேலதிகாரி டோனேகாவாவுடன் அவன் ஆடும் சீட்டாட்டத்தில் ராஜா குடிமகனை வெல்லும், குடிமகன் அடிமையை வெல்லும், அடிமை ராஜாவை வெல்லும். கைஜியின் காதில் ஒரு கருவி. தோற்கத் தோற்க அதன் ஊசி செவிப்பறையை நெருங்கும். அதே கருவி அவனுடைய நாடித்துடிப்பை எதிராளியின் கைக்கடிகாரத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது. மூளை எவ்வளவு கணக்குப் போட்டு என்ன? முக்கியமான சீட்டை இறக்கும்போது நெஞ்சு படபடக்கிறதே! பயந்த உடம்பு பொய் சொல்லாது. அந்த உடம்புதான் அவனைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கிறது.

அதனால் கருவியோடு சேர்த்துத் தன் காதையே அறுத்துவிடுகிறான். மறுபடி உட்கார்ந்து அடிமைச் சீட்டை வைக்கிறான். டோனேகாவா மகா கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தாலேயே ஒரு படி அதிகமாக யோசித்து, ராஜாவை இறக்கித் தோற்கிறார்.

அந்த மேசையில் கூடுதல் மூளை யாரிடம் இருந்தது, ஏன் அவர் நமக்கு நாயகனாகவில்லை என்பதற்கு அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் பதில் சொல்லட்டும். தீர்ப்பு நடுவருடையது. நன்றி, வணக்கம்.