இரு பக்கமும் எழுதிய தாள்

பெரியோர்களே, தாய்மார்களே,

தலைவர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். கெட்டிஸ்பர்க்கில் ஆபிரகாம் லிங்கன் பேசியது ஏறக்குறைய மூன்று நிமிடம். அவருக்கு முன்னால் பேசிய எட்வர்ட் எவரெட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நான் எவரெட் கட்சி இல்லை, பயப்படாதீர்கள்.

1863 நவம்பர் 19. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மடிந்த வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் பேசிய பேச்சு அது. லிங்கனின் கையெழுத்திலேயே ஐந்து பிரதிகள் இருக்கின்றன. ஐந்தும் ஒன்றுபோல் இல்லை. செயலாளர்கள் நிக்கோலே, ஹே இருவரிடமும் இருந்த பிரதிகளில் ‘இறைவனின் கீழ்’ என்ற சொற்கள் கிடையாது. நிருபர்கள் அனுப்பிய செய்தியில் இருக்கின்றன. தாளில் இல்லாதது மேடையில் நாக்குக்கு வந்திருக்கிறது என்றே நான் கொள்கிறேன். மேடை ஏறிய யாருக்கும் இது புதிதல்ல.

மற்ற மூன்றும் பிறர் கேட்டதற்காகப் பின்னால் எழுதிக் கொடுத்தவை. நற்பணி நிதிக்காகக் கையெழுத்தை அப்படியே அச்சிட வரலாற்றாசிரியர் பான்கிராஃப்ட் ஒன்று கேட்டார். லிங்கன் தாளின் இரு பக்கமும் எழுதிவிட்டார்! அதை அச்சுக்கு எடுக்க முடியவில்லை. அலுத்துக்கொண்டாரோ என்னவோ, மறுபடியும் எழுதிக் கையொப்பமும் போட்டார். இன்று உலகம் ஒப்பிப்பது அந்தக் கடைசிப் பிரதியைத்தான். பேசியவரே ஆற அமரச் செப்பனிட்ட பேச்சு.

நம் சீமைக்கு வருவோம். 1908. அன்று நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்த தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். மார்ச் 12 கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. அந்தப் பேச்சுகளைத் தாளில் ஏற்றியவர்கள் செயலாளர்களா? போலீஸார். எதிராளி எழுதிய பிரதி அது. கைதட்டலுக்காக எழுதியது அல்ல, தண்டனைக்காக எழுதியது. அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் வழக்கு நடந்தது. நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்து ஆண்டு கொடுத்தார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதில் ஒன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. சோறும் இடமும் கொடுத்ததுகூட அந்தக் கணக்கில் சேர்ந்தது.

லிங்கனுக்குத் தாள் சரியில்லை என்றால் வேறு தாள் கிடைத்தது. இவர்கள் பேச்சு நீதிமன்றத்தில் படிக்கப்பட்ட நாட்களில், பேசியவர்கள் இதே பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்தார்கள்.