ஊறின அரிசியும் பாரி மகளிரும்

(தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கம் நடந்த பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் முன்னாள் நகரசேவகர் (மாநகராட்சி உறுப்பினர்) அவர்களே, சயானில் இறங்கி இந்த டிராபிக்கில் நடந்தே வந்த மாதுங்கா கவிஞர் அம்மா அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, பின்வரிசையில் சுண்டலுக்காக உட்கார்ந்திருக்கும் என் பழைய மாணவர்களே, வணக்கம். மைக் தம்பிக்கும் வணக்கம். அவர் மனசு வைத்தால்தான் நான் பேச முடியும்.

கொடுமையான வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எதைப் படிக்க வைப்பது, எப்படிப் படிக்க வைப்பது, எந்த வகுப்பில் தொடங்குவது என்று மூன்று விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்களுக்கு நான் முதலில் என்ன சொல்வேன் என்று தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பாருங்கள், சிரிக்கிறார்கள்.

டிசம்பர் 1992, ஜனவரி 1993. இந்த மும்பையில் நடந்த இந்து-முஸ்லிம் கலவரங்களில் 900 பேர் இறந்ததாக, அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பதிவு செய்தது. வகுப்பில் ஒரு தடவை இதைக் கேள்வியாகக் கேட்டேன். ஒரு பையன் 90 என்று எழுதினான், இன்னொருவன் 9000 என்று எழுதினான். இருவருக்கும் அரை மார்க் குறைத்தேன். ஒரு சைபர் கூடினாலும் குறைந்தாலும் அவர்களுக்கு அரை மார்க்தான் நஷ்டம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் புறநானூற்றை எடுத்துக்கொண்டு போனேன். அற்றைத் திங்கள் பாட்டு. மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டதும் பாரி மாண்டதும் நமக்குத் தெரியும். ஆனால் இதைப் பாடிய பாரியின் மகள்கள் போர் எப்படி நடந்தது என்று சொல்லவே இல்லை. போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது; இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான், ஐந்தே அடி. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கே அதில் கிடையாது.

'அன்று, இன்று என்று நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள், வீட்டில் கேட்டும் எழுதலாம்' என்றேன். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவன் மழையைப் பற்றி எழுதினான், விட்டுவிட்டேன். எந்தப் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது இல்லையா?

ஒரு மாணவி, இட்லி விற்கும் ஆயாவிடம் கேட்டுக்கொண்டு வந்து எழுதினாள்: 'அந்த மாசம் மாவு அரைத்துக் கொடுக்க பாய் இருந்தார். அடுத்த மாசம் அரிசி ஊறிக் கிடந்தது, பாய் இல்லை.'

வகுப்பில் சத்தமே இல்லை. 90 எழுதினவன் மெதுவாகக் கேட்டான், 'டீச்சர், அந்த அரிசியை என்ன பண்ணாங்க?' அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஆயாவிடம் கேட்டுவிட்டு மறுநாள் வந்து சொன்னாள்: 'மூணு நாள் பாத்தாங்களாம் டீச்சர். புளிச்சுப் போச்சு, கொட்டிட்டாங்களாம்.' ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குப் போன பாய் திரும்பவே இல்லையாம். ஒரு வாரம் கழித்து ஒரு அப்பா வந்து சண்டை போட்டார், 'பழைய புண்ணை ஏன் கிளறுறீங்க?' நான் பழமொழியைத்தான் சொன்னேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பாட்டு அந்தக் காய்ச்சலை ஒரு மணி நேரத்துக்குக் கடன் கொடுக்கிறது. பாரதி பிஜித் தீவுக்குப் போனதே இல்லை. அங்கே கரும்புத் தோட்டத்துக் கூலிப் பெண்கள் விம்மியதைக் கேட்டிருப்பாய், அதைச் சொல்ல மாட்டாயா என்று காற்றிடம் கேட்டார்.

இரண்டாவது விஷயம்... தலைவர் மணியைப் பார்க்கிறார். சரி, வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புறநானூறு என் சொந்தப் புத்தகம். பள்ளியில் தமிழ்ப் புத்தகம் இல்லாமலா? இரண்டு பீரோ நிறைய இருக்கிறது. நூலக அறையில்தான் உடைந்த பெஞ்சும் பழைய ஃபேனும் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி ஹெட்மாஸ்டரிடம் இல்லை, பியூனிடம் இல்லை, வார்டு ஆபீசில் இருக்கிறது என்கிறார்கள். நான் ரிட்டயர் ஆகி நான்கு வருஷம் ஆகிறது, இன்னும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாரம் ஒரு மணி நேரம் அந்த அறையைத் திறந்தால் போதும், சம்பளம் இல்லாமல் நானே வந்து உட்காருகிறேன்.

நகரசேவகர் ஐயா ஏதோ சொல்கிறார். இப்போதே ஃபோன் போடுகிறாரா? போடுங்கள் ஐயா, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் ஐயா பக்கம் திருப்பு.