காற்று தள்ளும் ஏழு மைல்

நேயர்களுக்கு வணக்கம். விமானம் ஓட்டக் கற்றுத் தருபவரின் கண் எங்கே இருக்கும்? மாணவரின் கையில், காலில், வேகமானியில். தரைக்கு மேல் எங்கே இருக்கிறோம் என்பது அப்போது மறந்துபோகும். அந்த மறதிக்கு இடமே தராத ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஃபிரெடரிக். அதன் விமான நிலையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 7 கடல் மைலில் வாஷிங்டனின் சிறப்பு விதி வான்வெளி தொடங்கிவிடும். தலைநகரை ஒட்டியுள்ள ஒரு வானொலி வழிகாட்டியை மையமாகக் கொண்டு 30 கடல் மைல் ஆரம். உயரம் 18,000 அடிக்குச் சற்றுக் கீழ் வரை. உள்ளே நுழைய முன்கூட்டியே பறப்புத் திட்டம், ட்ரான்ஸ்பாண்டருக்கு (ராடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) தனியாக ஒதுக்கிய எண், கட்டுப்பாட்டாளருடன் இருவழிப் பேச்சு, இந்த மூன்றும் வேண்டும். மற்ற இடங்களில் பொதுவாக வைத்துப் பழகிய 1200 என்ற எண்ணோடு உள்ளே போனால் விதிமீறல். ஃபிரெடரிக்குக்கு வடக்கே அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டைச் சுற்றி 3 கடல் மைல் தடைப்பகுதி வேறு. அதிபர் அங்கே தங்கினால் அது வழக்கமாக 10 மைலாக விரியும். காலையில் பார்த்த அறிவிப்பு மாலைக்குச் செல்லாது.

வான்வெளி வரைபடத்தை மனப்பாடம் செய்தவர்களும் தவறுவது காற்றில்தான். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் மெதுவாகப் பறக்கும் பயிற்சி என்று வையுங்கள். வேகமானி 50 நாட், அதாவது மணிக்கு 50 கடல் மைல், காட்டுகிறது. விமானம் தவழ்வதுபோல் இருக்கும். மேலே வடமேற்கிலிருந்து 30 நாட் காற்று. மூக்கு தென்கிழக்கே இருந்தால் தரைக்கு மேல் உண்மை வேகம் 80 நாட். அந்த 7 மைல் கரைய ஐந்தே கால் நிமிடம் போதும். சுற்றிச் சுற்றி வட்டமடித்தாலும் தப்ப முடியாது: வட்டம் முழுவதையும் காற்று சுமந்து போகும், 14 நிமிடத்தில் அதே 7 மைல். ஸ்டால் (இறக்கையின் தூக்குவிசை குலையும் நிலை) பயிற்சி நான்கைந்து முறை, இடையில் கொஞ்சம் விளக்கம் என்றால் அந்த நேரம் ஓடிவிடும்.

ஆகவே பயிற்சியைக் காற்று வரும் பக்கத்தில் தொடங்க வேண்டும். வடமேற்குக் காற்றென்றால் மலைத்தொடருக்கு மேற்கேயுள்ள மிடில்டவுன் பள்ளத்தாக்கு ஏற்றது. ஆனால் அதிபர் வந்திருக்கும் நாளில் வடக்கே நகர இடம் குறைவு. தெற்கே தனித்து நிற்கும் ஷுகர்லோஃப் மலையை அடையாளமாக வையுங்கள். 1,282 அடி உயரமுள்ள அந்த மலை கிட்டத்தட்ட எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அது இறக்கைக்கு அடியில் தெரிந்தால் ஏற்கெனவே தாமதம்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் நடுவே இறக்கையைச் சமப்படுத்தி, 20 விநாடி பேச்சை நிறுத்துங்கள். இடம், உயரம், காற்று, அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது: இதை மாணவரே வாய்விட்டுச் சொல்லட்டும். முழங்கால் மேல் வைத்திருக்கும் டேப்லெட் கணினியை அந்த 20 விநாடியில் மட்டும் பாருங்கள். திரும்பும்போது குனிந்தால் வெளியே பார்க்க ஆளே இல்லை. மாணவர் கண்மறைப்பு அணிந்து கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும்போது, வெளியே பார்க்கும் ஒரே கண் பயிற்றுநருடையது. நீண்ட விளக்கமெல்லாம் தரையிறங்கிய பிறகு, கரும்பலகை முன்னால்.

இரண்டாவது ரேடியோவில் அவசர அலைவரிசையான 121.5 ஓடிக்கொண்டே இருக்கட்டும். தவறி உள்ளே போய்விட்டால் தரையிலிருந்து சிவப்பு, சிவப்பு, பச்சை என மாறி மாறி லேசர் ஒளி பாயலாம். உடனே தலைநகருக்கு எதிர்த்திசையில் திரும்பி 121.5-இல் பேசுங்கள். ட்ரான்ஸ்பாண்டரை அணைக்கும் புத்தி மட்டும் வேண்டாம். அது மறைந்தோடுவதாகத்தான் தெரியும்.

இங்கிருந்து அங்கே பயிலப் போகிறவர்களுக்கு ஒன்று. முதலில் சொன்ன வானொலி வழிகாட்டியிலிருந்து 60 கடல் மைலுக்குள் கண்பார்வை விதியில் (வெளியே பார்த்து ஓட்டும் முறையில்) பறக்க, அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் இணையப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டால் காட்டவும் வேண்டும். வேண்டுமென்றே செய்யாத மீறலை 10 நாளுக்குள் நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு எழுதினால், பெரும்பாலும் அபராதமோ உரிம இடைநிறுத்தமோ விதிக்கப்படாது. பயிற்றுநரும் மாணவரும் தனித்தனியாக எழுத வேண்டும்.