இரவில் எந்த வழியாகத் திரும்புவீர்கள்? வெளியூரில் தங்க ஏரியா தேர்ந்தெடுப்பது எப்படி

[திரையில்: ஒரு ஹோட்டல் பக்கம். "ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டர்" என்ற வரி மட்டும் பெரிதாகிறது.]

இந்த ஒரு வரியை நம்பித்தான் ஒரு முறை வெளியூரில் ரூம் எடுத்தேன். ரயிலை விட்டு இறங்கும்போது இரவு பதினொன்றே கால். மேப்பில் பார்த்தால் ஹோட்டல் எதிரிலேயே இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனுக்கும் அதற்கும் நடுவில் பெரிய ரயில்வே யார்டு. அதைக் கடக்க மேம்பாலமும் இல்லை, சுரங்கப்பாதையும் இல்லை. சுற்றிக்கொண்டு போனால் இரண்டரைக் கிலோமீட்டர். ஒரு பக்கம் நீளமான குடோன் சுவர், மறுபக்கம் வரிசையாக நிறுத்திய லாரிகள். பெட்டியை இழுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் நடந்தேன்.

யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பட்ட பயம் இன்னும் நினைவில் இருக்கிறது. அடுத்த மூன்று நாளும் இருட்டுவதற்கு முன்பே அறைக்கு வந்துவிட்டேன். மாலை நேரத்துக்காகவே போன ஊர் அது. அதில் ஒரு மாலையைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

அந்த 600 மீட்டரைப் பொய் என்று சொல்ல முடியாது. மேப்பில் நேராகக் கோடு போட்டு அளந்த தூரம் அது. நடக்கிறவருக்கு அந்தக் கோட்டால் பயனில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் தங்கும் இடம் தேடுகிற முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் பார்க்கப் போகிற இடங்களுக்கு எது பக்கம் என்று தேடுவேன். இப்போது முதலில் கேட்டுக்கொள்வது வேறு கேள்வி: நாள் முழுக்கச் சுற்றி, களைத்துப்போய், போனில் சார்ஜ் குறைந்து, இரவு பத்து மணிக்குத் திரும்பும்போது நான் எந்த வழியாக வருவேன்? ஏரியாவைத் தேர்ந்தெடுக்க இந்தக் கேள்வி எப்படி உதவுகிறது என்று காட்டுகிறேன்.

[திரையில்: நகர வரைபடம். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அது மெல்ல மறைந்து, ஐந்தாறு புள்ளிகளாகப் பிரிகிறது.]

"ஊருக்கு நடுவில் எடுத்துக்கொள்" என்று எல்லாரும் சொல்வார்கள். சரி, நடு எது? டோக்கியோவில் அப்படி ஒரு நடு கிடையாது. ஷின்ஜுகு, ஷிபுயா, உவேனோ, டோக்கியோ ஸ்டேஷன் என்று பல நடுக்கள். இவற்றையெல்லாம் யாமனோதே என்கிற வட்ட ரயில் பாதை இணைக்கிறது. 30 நிலையங்கள். முழுச் சுற்று வர ஒரு மணி நேரம் ஆகும். அங்கே "நடுவில் எங்கே" என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, இந்த வட்டத்தில் இருக்கும் ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எடுத்தால் வேலை சுலபம்.

பாரிஸில் கதை வேறு. நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிந்து, நத்தை ஓடு போல நடுவிலிருந்து வெளியே சுற்றிக்கொண்டே போகிறது. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்கள்தான் வட்டார எண். 75004 என்றால் நான்காவது வட்டாரம், நகரின் மையம். 75019 என்றால் பத்தொன்பதாவது, வடகிழக்கு ஓரம். குறியீடு 92, 93, 94 என்று தொடங்கினால் நகர எல்லைக்கே வெளியே இருக்கிறது, ஹோட்டலின் பெயரில் பாரிஸ் என்று இருந்தாலும் சரி. வெளியே இருப்பதாலேயே அது மோசமான இடம் ஆகிவிடாது. தெரிந்து எடுப்பதற்கும் தெரியாமல் எடுப்பதற்கும்தான் வித்தியாசம்.

எந்த ஊராக இருந்தாலும் முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் செலவு செய்யுங்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நகரத்தை வடமேற்கு, வடகிழக்கு, தென்மேற்கு, தென்கிழக்கு என்று நாலாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே தெருப் பெயரும் ஒரே கதவு எண்ணும் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளில் வரும். முகவரியின் கடைசியில் இருக்கிற திசையைக் கவனிக்காவிட்டால் ஊரின் மறுகோடியில் போய் நிற்பீர்கள். விமான நிலையங்களிலும் இந்தத் தொல்லை உண்டு. பிராங்க்ஃபர்ட் ஹான் விமான நிலையம் பெயரளவில்தான் பிராங்க்ஃபர்ட். நகரத்திலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அடுத்தது மேப்பில் செய்யும் வேலை. நீங்கள் கட்டாயம் போக நினைக்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு போதும். அவை எந்த ரயில் அல்லது பஸ் பாதையில் விழுகின்றன என்று பாருங்கள். நான் தூரத்தைவிட இந்தப் பாதையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஒரே வண்டியில் எட்டு நிறுத்தம் போவது, மூன்று நிறுத்தத்தில் இறங்கி வேறு வண்டி மாறுவதைவிட எவ்வளவோ மேல். லக்கேஜோடும் குழந்தையோடும் ஒரு முறை பெரிய ஸ்டேஷனில் வண்டி மாறிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

தள்ளிப் போனால் ரூம் மலிவாகக் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும். ஆனால் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று கூடுதலாக ஆனால், நாலு நாளில் ஆறு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். கூடவே டிக்கெட் செலவு. கடைசி வண்டியை விட்டுவிட்டால் டாக்ஸி செலவு வேறு.

[திரையில்: மேப்பில் புறப்படும் நேரத்தை மாற்றும் பெட்டி. "இரவு 11:30" என்று மாறுகிறது. பாதையின் நிறம் மாறுகிறது.]

கடைசி வண்டி என்றதும் சொல்ல வேண்டும். ரூம் தேடும்போது பெரும்பாலும் பகலில் உட்கார்ந்து தேடுவோம். மேப்பும் பகல் நேரத்துக்கான வழியைக் காட்டும். கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தை நாமே மாற்றலாம், கடைசி வண்டி எது என்றும் பார்க்கலாம். இரவு பதினொன்றரை என்று போட்டுப் பாருங்கள். பல இடங்களில் பகலில் இருபது நிமிடமாக இருந்த வழி இரவில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும், அல்லது "நடந்து போகவும்" என்று காட்டும்.

ஊருக்கு ஊர் இது மாறும். நியூயார்க்கில் சுரங்க ரயில் இரவு முழுக்க ஓடுகிறது. டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும், மறுபடி விடிகாலை ஐந்து மணி வாக்கில்தான். லண்டனில் 2016-இல் தொடங்கிய இரவு ரயில், வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் சில பாதைகளில் மட்டும்தான். ஆக "மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது" என்கிற ஒரே வாக்கியத்துக்கு மூன்று ஊரில் மூன்று அர்த்தம். உங்கள் விமானம் நள்ளிரவில் இறங்குகிறது என்றால் இதைப் பார்க்காமல் புக் செய்யவே செய்யாதீர்கள்.

இனி பாதுகாப்பு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

"அந்த ஏரியா பாதுகாப்பா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். கேள்வியே கொஞ்சம் தவறு என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் காவல்துறைக்கு ஓர் ஆண்டில் வந்த அழைப்புகளை ஆராய்ந்து, லாரன்ஸ் ஷெர்மன் என்கிற குற்றவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1989-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்த அழைப்புகளில் பாதி, நகரத்தின் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்து மட்டுமே வந்திருந்தது. மோசம் என்று பெயர் வாங்கிய பகுதிகளுக்குள்ளேயும் பெரும்பாலான முகவரிகள் அமைதியாகத்தான் இருந்தன. அப்படியென்றால் நாம் பார்க்க வேண்டியது தெருவை. ஏரியாவின் பெயரை வைத்து ஒதுக்கினால் நல்ல இடங்களை இழப்போம். பெயரை வைத்து நம்பினால் அந்த ஒரு தெருவில் போய் மாட்டிக்கொள்வோம்.

சில நாடுகளில் குற்றங்களை மேப்பிலேயே பார்க்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறை 2011 முதல் தெரு வாரியாக வெளியிடுகிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகப் புள்ளிகளைச் சரியான கதவில் வைக்காமல் பக்கத்தில் தள்ளித்தான் வைக்கிறார்கள், அதனால் ஒரு கட்டடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தும் பயப்படாதீர்கள். லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் கடைவீதியில் எண்ணிக்கை அதிகமாகத்தான் இருக்கும். என்ன வகை என்று பாருங்கள். பார்சிலோனாவின் லா ரம்ப்லா சாலை பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, போனை மேசை மேல் வைக்காமல் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆளை அடித்துப் பறிக்கும் வகைக் குற்றங்கள் ஒரு தெருவில் திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு விஷயம். அந்த வழியை நான் விட்டுவிடுவேன்.

இப்படிக் குற்ற மேப் இல்லாத ஊர்களுக்கு என்ன செய்வது? தெருவைக் கண்ணால் பாருங்கள்.

[திரையில்: தெருக் காட்சி. ஸ்டேஷன் வாசலிலிருந்து கேமரா மெல்ல நகர்கிறது. மூலையில் படம் எடுத்த மாதமும் ஆண்டும் வட்டமிடப்படுகின்றன.]

கூகுள் மேப்ஸில் தெருவைப் படமாகக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவில் ஸ்டேஷன் வாசலில் இறங்கி, ஹோட்டல் வரை ஒவ்வொரு அடியாக நடந்து பார்ப்பேன். பத்து நிமிடம் ஆகும். படம் எப்போது எடுத்தது என்று ஓரத்தில் இருக்கும். ஏழெட்டு வருடப் பழைய படம் என்றால் அதிகம் நம்ப வேண்டாம். இன்னொன்று, இவை பகலில் எடுத்த படங்கள். இரவு எப்படி இருக்கும் என்பதை நாம்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். கடைகளுக்கு மேல் மாடியில் வீடு இருக்கிறதா, துணி காய்கிறதா? அப்படியென்றால் கடை சாத்திய பிறகும் அங்கே ஆள் இருக்கும், ஜன்னலில் வெளிச்சம் இருக்கும். மருந்துக்கடை, பஸ் நிறுத்தம், சாப்பாட்டுக் கடை இதெல்லாம் நல்ல அறிகுறி. நீளமான மதில் சுவர், மேம்பாலத்தின் அடிப்பகுதி, பெரிய கார் பார்க்கிங், பூங்காவின் வேலி ஓரம் இதெல்லாம் இரவில் ஆளே இல்லாமல் போகும் இடங்கள். தெருவிளக்கு எத்தனை அடிக்கு ஒன்று இருக்கிறது என்றுகூட எண்ணியிருக்கிறேன்.

பளபளப்பைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. லண்டனின் நிதி வட்டாரமான 'சிட்டி'க்கு வேலைக்கு வருகிறவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அங்கேயே வசிப்பவர்கள், 2021 கணக்கெடுப்பின்படி, பத்தாயிரத்துக்கும் குறைவு. கண்ணாடிக் கட்டடங்கள், சுத்தமான நடைபாதை, எல்லாம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு போனால் பல தெருக்களில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆபத்து என்று சொல்ல வரவில்லை. தனியாக வருகிற ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். குடும்பங்கள் வசிக்கும் சாதாரணத் தெரு எனக்கு அதைவிடப் பிடிக்கும்.

மேப்பில் தெரியாத இன்னொரு விஷயம் மேடு. லிஸ்பனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் 400 மீட்டர் என்று காட்டுவது செங்குத்தான ஏற்றமாக இருக்கலாம். வயதானவர்கள் கூட வந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள், லிஃப்ட் உண்டா என்றும் கேளுங்கள்.

ரிவ்யூ படிக்கும்போது மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். புதிய ரிவ்யூக்களை மேலே வரவைத்து, "இரவு", "தனியாக", "சத்தம்", "நடந்து" என்கிற சொற்களைத் தேடுங்கள். தனியாகப் பயணம் செய்த பெண்கள் எழுதியதை நான் முதலில் படிப்பேன். மற்றவர்கள் கவனிக்காத தெருமுனை, பூட்டாத வாசல், குடித்துவிட்டு நிற்கும் கூட்டம் எல்லாம் அவர்கள் எழுத்தில்தான் வரும். ஆண்கள் பயணம் போனாலும் அதையே படியுங்கள்.

அந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால் கேட்கலாம். ஆனால் "ஏரியா நல்லதா?" என்று கேட்காதீர்கள். ஏழைகள் இருக்கிறார்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே ஓர் இடத்தை மோசம் என்று சொல்லிவிடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அது எனக்கு வருத்தமான விஷயம், தகவலாகவும் அதில் பயனில்லை. "இரவு பத்து மணிக்கு உங்கள் தங்கை ஸ்டேஷனிலிருந்து அங்கே நடந்து வருவாரா? எந்தத் தெரு வழியாக வருவார்?" என்று கேளுங்கள். பதில் உடனே தெளிவாக வரும். பல நேரம் "இந்தப் பக்கம் வேண்டாம், அடுத்த வாசலில் இறங்கச் சொல்லுங்கள்" என்று வரும். அதுதான் வேண்டும்.

தனியார் வீடுகளைத் தங்க வாடகைக்குக் கொடுக்கும் ஏர்பிஎன்பி மாதிரி தளங்களில் ஒரு சிக்கல் உண்டு. புக் செய்வதற்கு முன்னால் சரியான முகவரி தெரியாது, மேப்பில் உத்தேசமான இடத்தைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அதற்குள் நல்ல தெருவும் இருக்கும், குடோன் சுவரும் இருக்கும். அதனால் வீட்டுக்காரருக்கு முன்பே எழுதிக் கேளுங்கள்: எந்த ஸ்டேஷன், எந்த வாசல், இரவில் அவர் எந்த வழியாக வருவார். பணம் பிடிக்காமல் ரத்து செய்யும் வசதி இருந்தால் அதையே எடுங்கள். முகவரி வந்ததும் மறுபடி ஒரு முறை தெருவை நடந்து பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் ரத்து செய்துவிடலாம்.

முடிந்தால் பகலில் போய்ச் சேருங்கள். பெட்டியை வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கும் அறைக்கும் இடையில் ஒரு முறை போய் வந்து பாருங்கள்.

[திரையில்: முதலில் காட்டிய அதே மேப். யார்டின் மறுபுறம் ஒரு புதிய புள்ளி.]

அந்த ரயில்வே யார்டு ஊருக்கு இரண்டாம் முறையும் போனேன். இந்தத் தடவை யார்டுக்கு ஸ்டேஷன் இருக்கும் பக்கம், ஸ்டேஷனின் பின்வாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில் ரூம். மேப்பில் பார்த்தால் ஊரின் முக்கியமான இடங்களிலிருந்து பழைய ஹோட்டலைவிட இது தள்ளித்தான் இருந்தது. வழியில் ஒரு மருந்துக்கடை, மாடி வீடுகள், ராத்திரி வரை திறந்திருக்கும் சலவைக் கடை. கடைசி நாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு. சலவைக் கடையில் இரண்டு பேர் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.